மொய்க் கவருக்குள் கார்டு

— உள்ள வா அமுதான்னு எத்தன தடவ சொல்றது? வாசப்படியிலயே நின்னுட்டிருந்தா போறவிய வர்றவிய என்ன நெனைப்பாங்க?

— இருக்கட்டுங்க்கா. இங்கியே நின்னு சொல்லீட்டுப் போயர்றேன். உங்க மூஞ்சியப் பாத்துப் பேசற தெகிரியம் எனக்கில்லீங்க்கா.

— மூஞ்சியப் பாக்க முடியாட்டி செவுத்தப் பாத்துப் பேசு. அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காரு. குச்சிக்கெழங்கு வெந்துட்டிருக்குது, அடுப்ப உட்டுட்டு என்னால அங்க வர முடியாது.

— அண்ணன் இல்லீங்களா?

— அவரு போயி மாசமாச்சு. மறுபடியும் ரிக்கு வண்டிக்குப் போயிட்டாரு. ராய்ப்பூருக்கு அக்கட்ட எங்கியோ போரு போட்டுட்டிருக்கறாங்களாம்.

— ரிக்குக்குங்களா? இடுப்பு வலின்னு அந்த வேலையே வேண்டாம்னு வந்தவருங்களே!

— இடுப்பு வலி பெருசா, சம்பந்திக்குக் குடுக்க வேண்டியது பெருசா? ரிக்கு மொதலாளிகிட்ட முன்பணம் வாங்குனாரு. கொண்டுபோயிச் சம்பந்தி கையில குடுத்தாரு. அன்னிக்குப் பொழுதோடவே வண்டியேறிட்டாரு. இந்த வயசுல கொட்டாயிக்கும் குழாய்க்கும் நடுவுல படுத்துக் கெடக்கறாரு.

— எல்லாம் என்னாலதானுங்க்கா. ஊருல ஒருத்தரு உடாமச் சொல்றாங்க. கொழாயடிக்குக் கொடத்தத் தூக்கீட்டுப் போனா எல்லாரும் பேச்ச நிறுத்திக்கறாங்க. எனக்குக் கூசிப் போவுதுங்க்கா. பள்ளிக்கோடத்துல எனக்குப் போட்ட பொன்னாடையப் பாத்தா எடுத்து அடுப்புல வெச்சரலாமான்னு இருக்குது.

— பொன்னாட வேற போட்டாங்களா?

— சுதந்திர தினத்தன்னிக்குப் போட்டாங்க்கா. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அமுதவல்லி இந்த ஒன்றியத்துலயே எச்சா கார்டு வித்துக் குடுத்திருக்கறாங்கன்னு ஹெட்மாஸ்டரு சந்தோஷ்குமார் சாரு மைக்குல சொன்னாரு. புள்ளைகெல்லாம் கை தட்டுச்சு. நானும் பெரிய இவளாட்டக் கும்புட்டு வாங்கிக்கிட்டேன். அப்பறம் பத்து நாளுல உங்க அனிதா கண்ணாலம்.

— கார்டு கார்டுன்னு ஊரே நாயம் பேசுது. எனக்கு இன்னும் ஒண்ணும் வெளங்கல அம்முணி. கடைக்காரன் எதுக்குப் பள்ளிக்கோடத்துக்குக் காசு குடுக்கறான்? இன்னிக்காச்சும் எனக்குப் புரியறாப்பல சொல்லு.

— சொல்றனுங்க்கா. அது ஏடிஎம் கார்டாட்டவே இருக்கும். கிப்ட் கார்டும்பாங்க. ஆயர ரூவா குடுத்து ஒண்ணு வாங்குனா திருச்செங்கோட்டுல அந்தப் பெரிய ஜவுளிக்கடையில ஆயர ரூவாய்க்குத் துணி எடுத்துக்கலாம். வாங்குனவிகளுக்கு ஒரு பைசா நட்டமில்லீங்க. நம்ம பள்ளிக்கோடம் மூலியமா வித்த கார்டா இருந்தா ஆயரத்துக்கு நூறு ரூவா பள்ளிக்கோடத்துக்குத் தந்தர்றாங்க. கடைக்காரருக்கு யாவாரம், நமக்கு பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு கக்கூஸு. பழசு இடிஞ்சு போனதுதான் உங்களுக்கே தெரியுமே. எழுதிப் போட்டு எழுதிப் போட்டுக் கையி வலிச்சதுதான் மிச்சம். அப்பத்தான் இந்தத் திட்டம் வந்துச்சு.

— நல்ல திட்டந்தான். துணி எடுக்கறவிகளுக்கு வித்துட்டுப் போறது. மொய்க் கவருக்குள்ள அது எப்படி வந்துச்சு?

— அது வந்துங்க்கா... ஆடியில ஊடு ஊடாப் போயிக் கேட்டுப் பாத்தேன். துணி வேணும்னா நாங்களே கடைக்குப் போயி எடுத்துக்க மாட்டமா, நடுவுல நீ எதுக்குன்னு கேட்டாங்க. ரெண்டு பேரு வாங்குனாங்க, அதுவும் என்ற நாத்தனாளுகதான். அந்தச் சமயத்துல உங்க ஊட்டுப் பத்திரிக வந்துச்சு. எப்படியும் ஊரே மொய் வெக்கப் போவுது, அந்த மொய்யவே கார்டா வெச்சா கண்ணாலத்துக்குச் செஞ்சாப்பலயும் ஆச்சு, கக்கூஸுக்குக் குடுத்தாப்பலயும் ஆச்சுன்னு ஒரு ரோசன வந்துச்சுங்க.

— ஆருக்கு வந்துச்சு?

— கூட்டத்துல பேசுனதுங்க்கா.

— கூட்டத்துல பேசுனது ஆரு?

— நாந்தானுங்க்கா. ஹெட்மாஸ்டரும் நல்ல ரோசனைன்னுதான் சொன்னாரு.

— ம். கவரு கோட நீதான் அடிச்சயாமே. செவப்புக் கவரு, பிள்ளையாரு படம், வெக்கறவிய பேரு எழுத எடம், மேல ஒரு ரூவாக் காசு ஒட்டி.

— ஆமாங்க்கா. ஒரு ரூவா ஒட்டுனாத்தான மொய்க் கவரு மொய்க் கவராட்ட இருக்கும்.

— அந்த ஒரு ரூவா நல்லா இருந்துச்சு. அன்னிக்கு மண்டபத்துல செல்லுபடியானது அது ஒண்டிதான்.

— அக்கா, அப்படிச் சொல்லாதீங்க்கா.

— நீ சாப்புட்டுக் கைய நனைச்சதும் கெளம்பிட்ட. அப்பறம் நடந்தத நீ பாக்கல. அவங்க சொன்னாங்க இவங்க சொன்னாங்கன்னு கேட்டிருப்ப. நான் சொல்றேன் கேட்டுக்க.

— சொல்லுங்க்கா. திட்டோணும்னாலும் திட்டிப்போடுங்க. கேக்கறதுக்குத்தான் வந்தேன்.

— திட்டறதுக்கு என்ன இருக்குது. இந்த ஊருல ஒரு கண்ணாலம் காதுகுத்து உடாம நாங்க மொய் வெச்சிருக்கறோம். ஊட்டுல ஒண்ணுமில்லாத காலத்துலயும் கெழங்கு வித்த காச எடுத்து வெச்சிருக்கறோம். ஆருக்கும் சும்மா குடுக்கல. நம்ம ஊட்டுல ஒரு காரியம்னா அன்னிக்கு ஊரு வந்து நிக்கும்னு ஒரு நம்பிக்க. அத நம்பித்தான் சமையக்காரரு நவநீதகிருஷ்ணன்கிட்ட, ஏனமெல்லாம் வண்டியில ஏத்தறப்ப மீதியக் குடுத்தர்றேன்னு இவரு வாயால சொல்லியிருந்தாரு. வெளியூரு ஒறம்பற சொந்தபந்தம் வெச்ச மொய்யி மண்டபத்து வாடகைக்கும் பந்தலுக்கும் செரியாப் போச்சு. நம்மூருக் கவரு பூராம் ஒரு பையில கட்டி எங்கிட்டக் குடுத்துட்டாரு. நானும் அனிதாளும் பொண்ணு ரூம்புல கதவச் சாத்தீட்டுப் பிரிக்கறோம். மொதக் கவரு கார்டு. சரி, ஆரோ ஆசையா வெச்சிருக்கறாங்கன்னு அக்கட்ட வெச்சோம். அடுத்தது கார்டு. அதுக்கடுத்ததும் கார்டு. அனிதாளுக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. ‘அம்மா, ஊருல எல்லாரும் என்னைய சேல எடுக்கச் சொல்றாங்க’ன்னா. பத்துக் கவருக்கு மேல போனதும் அவ சிரிக்கல. ‘நீ பிரிம்மா, எனக்குப் பயமா இருக்குது’ன்னு மால போட்ட கழுத்தோட அப்படியே செவுத்துல சாஞ்சுக்கிட்டா.

— அட சாமி...

— வெளிய சமையக்காரரு வந்து நிக்கறாரு. இவரு உள்ள வந்து கைய நீட்டறாரு. நான் கார்ட அள்ளிக் குடுத்தேன். என்ன புள்ள இதுன்னாரு. இதுதாங்க மொய்யின்னேன். அவரு அதையே கொண்டுபோயி சமையக்காரர்கிட்ட நீட்டியிருக்கறாரு. ‘கண்ணுசாமி, இதக் கொண்டுபோயி அரிசிக்கடையில தேச்சா அரிசி வருமா? ஏனம் கழுவுன பொம்பளைகளுக்கு ஆளுக்கொரு ஜாக்கெட்டுத் துணி எடுத்துக் குடுத்தா கூலி ஆயிருமா?’ன்னு கேட்டிருக்கறாரு. அவரு மேல தப்புச் சொல்ல மாட்டேன். கையில காசில்லாம அவரு என்ன பண்ணுவாரு? ஆனா மனுசன் தொண்ட பெருசு. மாப்ள ஊட்டுக்காரவிய, தாம்பூலப் பையிக்கு நின்னுட்டிருந்தவிய, எல்லாரும் திரும்பிப் பாத்துட்டாங்க.

— போதுங்க்கா.

— போதாது. முக்கியமானது இனிமேத்தான். சம்பந்தி ஒரு வார்த்த பேசல. வந்தாரு, சட்டப் பையில கைய உட்டாரு, எண்ணிக் குடுத்தாரு, போயிட்டாரு. அவரு நாலு வார்த்த திட்டியிருந்தா இவரு திடமா நின்னிருப்பாரு. ஒண்ணும் பேசாமப் போனங்காட்டித்தான் இவரு துண்ட வாயில வெச்சுட்டு மண்டபத்துக்குப் பின்னால போயி உக்காந்துட்டாரு. புள்ளையக் கட்டிக் குடுத்து அனுப்பறப்ப அப்பன் அழுவறது ஊருல உள்ளதுதான். அவரு எதுக்கு அழுதாருன்னு எனக்கும் அனிதாளுக்குந்தான் தெரியும்.

— அனிதா எப்படி இருக்குதுங்க்கா?

— இருக்கறா. சம்பந்தி தங்கமான மனுசன். சம்பந்தியம்மாளுக்குத்தான் வாயி. சோறு போடறப்பெல்லாம் சொல்லுதாமா, ‘உங்கொப்பன் ஊட்டுப் பந்திக்கே நாங்கதான் காசு குடுத்தோம், கூச்சப்படாமத் தின்னு’ன்னு. இவரு பணத்தத் திருப்பிக் குடுத்ததுக்கப்பறமும் அந்தப் பேச்சு நிக்கல. பணத்தத் திருப்பிக் குடுக்கலாம், பேச்ச எப்படித் திருப்பிக் குடுக்கறது? புள்ள போனுல எங்கிட்டச் சொல்லீட்டு, ‘அப்பாகிட்டச் சொல்லீராத’ன்னு அழுவுறா.

— அக்கா, நான் உங்க காலுல வேணும்னாலும் உழுவறேன். சத்தியமா எனக்கு அப்படித் தோணவே இல்லீங்க்கா. காசும் கார்டும் ஒண்ணுன்னுதான் நெனச்சேன். ஆயர ரூவா கார்டுன்னா அது ஆயர ரூவாதானேன்னு.

— பக்கத்தூட்டுச் செல்லாயி ஒண்ணு சொன்னா. அவ கவரு வாங்கறப்பவே உன்னையக் கேட்டாளாம். ‘கண்ணாலச் செலவுக்குக் கண்ணுசாமிக்குக் கையில காசு வேணுமே அமுதா, கார்ட வெச்சு என்ன பண்ணுவாரு’ன்னு.

— கேட்டாங்க்கா. கேக்கலீன்னு சொல்லல. ஆனா அப்ப எனக்கு அது மண்டையில ஏறலீங்க. நானுந்தானுங்க்கா கார்டு வெச்சேன். தெரிஞ்சிருந்தா நான் வெப்பனுங்களா? உங்க ஊட்டுல தின்னு வளந்தவ நான்.

— நீயும் கார்டுதான் வெச்ச.

— ஆமாங்க்கா. எல்லாரையும் வாங்கச் சொல்லீட்டு நான் வெக்காட்டி எப்படிங்க்கா?

— கெழங்கு வெந்திருச்சு. இரு, தண்ணிய வடிச்சுட்டு வாரேன்.

— நான் வடிக்கட்டுங்களா? ஆவி அடிக்கப் போவுது.

— நீ உக்காரு. எனக்குப் பழக்கந்தான். இந்தா, தட்டப் புடி. சூடா இருக்குது, ஊதித் தின்னு. மொளகாப்பொடி வேணுமா?

— வேண்டாங்க்கா. தொண்டையில எறங்காது.

— எறங்கும். தின்னுட்டே சொல்லு. நீ மன்னாப்புக் கேக்கறதுக்கு மட்டும் வரல. மன்னாப்புக் கேக்கறதா இருந்தா மறுநாளே வந்திருப்ப. இத்தன நாளு கழிச்சு வந்திருக்கறன்னா வேற ஒரு காரியம் இருக்குது.

— எப்படிங்க்கா கண்டுபுடிச்சீங்க?

— ரெண்டு புள்ளையப் பெத்திருக்கறேன் அம்முணி. காசு வேணும்னா காலப் புடிக்க வர்ற மூஞ்சி எனக்குத் தெரியாதா?

— எப்படிச் சொல்றதுன்னே தெரியலீங்க்கா. அந்தக் கார்டெல்லாம் எங்கீங்க்கா இருக்குது?

— அரிசிப் பானைக்குப் பின்னால பையோட கெடக்குது. ஒரு நாளு இந்த அடுப்புல போட்டரலாம்னு எடுத்தேன். பிளாஸ்டிக்கு நாறும்னு திருப்பி வெச்சுட்டேன்.

— அய்யோ, போட்டறாதீங்க்கா! தீவாளி வரைக்குந்தான் அது செல்லும். நான் கடைக்குப் போயி மேனேசர்கிட்ட விசயம் தெரிஞ்ச மொத நாளே கெஞ்சிப் பாத்துட்டேன். கார்டத் திருப்பி வாங்கீட்டுக் காசு குடுங்கன்னு. அதெல்லாம் முடியாது, பின்னால பொடி எழுத்துல போட்டிருக்குது பாருங்கன்னுட்டாரு. வேற ஊருல வித்துக் காசாக்கி உங்ககிட்டக் குடுத்தரலாம்னு எங்க அக்கா ஊட்டுக்கு இளம்பிள்ளைக்கு கோடப் போயிட்டு வந்தேன்.

— இளம்பிள்ளையில போயா? ஊடு ஊடாத் தறி போட்டுச் சேல நெய்யற ஊருல போயி, வாங்க, சேல எடுக்கக் கார்டு வாங்கிக்கங்கன்னியா?

— ஆமாங்க்கா. சிரிச்சுட்டாங்க.

— சிரிக்காம? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போயிருக்கற. எனக்கே சிரிப்பு வருது. செரி, சொல்ல வந்ததச் சொல்லு.

— கடைக்காரரு கார்டு வித்ததுக்கே நூறு ரூவா தந்தருவாருன்னுதான் நாங்க நெனச்சோம். இப்பச் சொல்றாரு, கார்டத் தேச்சுத் துணி எடுத்தாத்தான் பள்ளிக்கோடத்துக்குப் பங்கு வருமாம். நம்மூரு வாங்குன கார்டு முக்காவாசி உங்க பையிலதான் கெடக்குது. தீவாளிக்குள்ள நீங்க எடுக்காட்டி ஒண்ணுமே வராது. வருமுன்னு நம்பிக் கொத்தனாருகிட்டச் சொல்லிக் குழி கோட வெட்டியாச்சு. மழத்தண்ணி நெம்பிக் கெடக்குது. புள்ளைக உழுந்தருமோன்னு முள்ளு வெட்டிப் போட்டிருக்கறோம்.

— அப்ப நாங்க போயித் துணி எடுக்கோணும். அதுதான் சங்கதி.

— கேக்கறதுக்கே எனக்கு வாயில்லீங்க்கா. உங்க மானத்த வாங்குன கார்டு. அதையே தேய்ங்கன்னு உங்ககிட்டயே வந்து கேக்கறேன். நேத்து கெளம்பி கேட்டுக்கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். முந்தாநேத்தும் அப்படித்தான். என்ற மவ நர்மதாவும் உங்க சின்னவளும் ஒரே வகுப்பு. அதுக ரெண்டும் வெடியால இருந்து பொழுதோட வரைக்கும் ஒரு முழுங்குத் தண்ணி குடிக்கறதில்ல. அத நெனச்சுத்தான் இன்னிக்கு மானம் போனாப் போவுதுன்னு வந்தேன்.

— தெரியும். சின்னவளுக்கு நீர்க்கடுப்பு வந்து மல்லசமுத்திரத்துல ஊசி போட்டுட்டு வந்தோம். தண்ணிப் பாட்டலக் கொண்டுபோனா கொண்டுபோனாப்பலயே திருப்பிக் கொண்டாரா... போனு அடிக்குது பாரு. அவராத்தான் இருக்கும். என்ற கையெல்லாம் கெழங்குத் தோலு. நீயே எடுத்து ஸ்பீக்கருல போடு.

— நானுங்களா? அக்கா, நான் வெளிய போயி நின்னுக்கறேன்.

— போடுன்னா போடு.

— அங்கா! கேக்குதா? இங்க கம்ப்ரசர் ஓடீட்டிருக்குது, சத்தமாப் பேசு!

— கேக்குதுங்க. சோறு தின்னாச்சுங்களா? இடுப்பு எப்படியிருக்குது?

— இடுப்பு இருந்த எடத்துலயே இருக்குது, எங்கீயும் போவல. நானூறு அடி எறக்கியாச்சு, இன்னும் புழுதிதான் பறக்குது. இந்த ஊருல பூமிக்குள்ள தண்ணியே வெக்க மறந்துட்டான் போல. ஊட்டுல ஆரு? பேச்சுச் சத்தம் கேட்டுச்சு.

— அமுதா வந்திருக்குது.

— ஆரு, கார்டு அமுதாவா?

— அதேதானுங்க. போனு ஸ்பீக்கருலதான் இருக்குது.

— அட. ஏஞ்சாமி அமுதா, நல்லா இருக்கறயா?

— அண்ணா... என்ன மன்னிச்சிருங்ண்ணா. இந்த வயசுல உங்கள அங்க அனுப்பி வெச்சுட்டேன்...

— அட, அழுவாத சாமி. அழுதா இங்க கம்ப்ரசர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்காது. நாந்தான் அன்னிக்கு மண்டபத்து வாசல்ல நின்னு, நீ இல்லாதப்ப உன்னைய ஏகத்துக்கும் பேசிப்போட்டேன். கோவம். அப்பறம் ரயில்ல வர்றப்ப ரோசன பண்ணிப் பாத்தேன். அந்தப் புள்ள தனக்கா கேட்டுச்சு? பள்ளிக்கோடத்துக்குக் கேட்டுச்சு. தெரியாமச் செஞ்சது. தெரிஞ்சு செஞ்சிருந்தா, ஊரையெல்லாம் கார்டு வெக்கச் சொல்லீட்டு அது மட்டும் நோட்டு வெச்சிருக்குமே! அதும் கார்டுதான வெச்சிருக்கும்? இதத்தான் இங்க பசங்ககிட்டவும் சொன்னேன். நான் சொல்றது செரிதான?

— அமுதா, அவரு கேக்கறாரு பாரு.

— அலோ? லைனு கட்டாயிருச்சா?

— லைனு இருக்குதுங்க. சொல்லு அமுதா.

— ஆமாங்ண்ணா. செரிதானுங்ண்ணா.

— அதான பாத்தேன்! மனுசன அளக்கறதுல இந்தக் கண்ணுசாமி தப்ப மாட்டான். உட்டுத் தள்ளு சாமி. ஊருல ஆராச்சும் பேசுனா, கண்ணுசாமி அண்ணனே ஒண்ணும் நெனைக்கலீன்னு சொல்லீரு.

— ஏனுங்க, தீவாளிக்குள்ள அந்தக் கார்டத் தேச்சாத்தான் பள்ளிக்கோடத்துக்கு எதாச்சும் வருமாமா. அதுக்குத்தான் வந்திருக்குது.

— தேச்சரு. தல தீவாளி வருதில்ல? சம்பந்தி ஊட்டுல நண்டு சிண்டு உடாம எல்லாருக்கும் எடுத்துரு. மாப்ளைக்கு நல்ல வேட்டியா எடு.

— சம்பந்தியம்மா, கார்டுல எடுத்த துணி எங்கூட்டுப் படி ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க.

— சொல்லட்டும் புள்ள. தலையக் குனிஞ்சாச்சு. இன்னுங் கொஞ்சம் குனிஞ்சா என்ன முதுகா ஒடிஞ்சிரப் போவுது? ஊரு ஊரா நான் தண்ணி எடுத்துக் குடுத்துட்டுத் திரியறேன், என்ற மவ தண்ணி குடிக்கறதுக்குப் பயந்துட்டுப் பள்ளிக்கோடம் போறா. அது எனக்கு இதவிடக் கேவலம். செரி, போரு போடற பாயிண்ட்டுல கூப்படறாங்க. வெக்கறேன். அமுதா, வாரேன் சாமி.

— வெச்சுட்டாரு. கேட்டியா? இப்படியாப்பட்ட மனுசன்.

— அவரு திட்டியிருக்கலாங்க்கா. என்னால தாங்க முடியல.

— ஏன், நல்லதாத்தான பேசுனாரு?

— அதுதாங்க்கா. அதுதான் எனக்கு என்னமோ பண்ணுது.

— என்ன பண்ணுதுன்னு சொன்னாத்தான தெரியும். எதாச்சும் சொல்றதுக்கு இருந்தாச் சொல்லீரு அமுதா. இங்க நானும் நீயுந்தான் இருக்கறோம்.

— இல்லீங்க்கா. ஒண்ணுமில்ல. மனசு கனமா இருக்குது, அவ்வளவுதான்.

— ஒண்ணுமே இல்ல?

— இல்லீங்க்கா.

— செரி. அந்தப் பானைய நகத்தி அதுக்குப் பின்னால பையி இருக்கும், எடு. ஞாயித்துக்கெழம போலாம். நீயும் கோட வா. எனக்கு அங்க கார்டத் தேக்கறது, அது இதுன்னு ஒண்ணும் தெரியாது. சம்பந்தி ஊட்டுல ஏழு உருப்படி. அவிகளுக்குப் போவ மீதி எவ்வளவு இருந்தாலும் பள்ளிக்கோடத்துல ஏலாத ஊட்டுப் புள்ளைகளுக்குப் பாவாட சட்டையா எடுத்துரு. ஒரு கார்டு மிச்சம் வெக்க வேண்டாம். எனக்கு இந்தப் பையி இந்த ஊட்ட உட்டுப் போவோணும்.

— அக்கா! நெசமாவா சொல்றீங்க? அனிதா மாமியாரு ஏதாச்சும் சொன்னாங்கன்னா?

— சொன்னா அனிதா கேட்டுக்குவா. எங்கிட்டச் சொல்லீட்டு அழுவா. நான் கேட்டுக்குவேன். நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கறதுல நாப்பது புள்ளைக தண்ணி குடிக்கும்னா குடிக்கட்டும்.

— நீங்க மனுசியே இல்லீங்க்கா. சாமி. வெளக்கமாத்த எடுத்துட்டு வருவீங்கன்னு நெனச்சேன். இப்பத்தான் எனக்கு மூச்சே வருது.

— வந்தாச் செரி. அந்தக் கெழங்கத் தின்னு முடி.

— தின்னுட்டனுங்க்கா. கக்கூஸு கட்டி முடிச்சதும் உங்களைய உட்டுத்தான் தொறக்கோணும்னு ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லப் போறேன். எனக்குப் போட்டாங்களே பொன்னாட, அத நானே உங்க தோளுல போடுவேன்.

— கக்கூஸத் தொறக்கறதுக்குப் பொன்னாடையா? நல்லாத்தான் இருக்கும் போ.

— சிரிச்சுட்டீங்க! அது போதுங்க்கா எனக்கு. நான் போயிட்டு வாரேன். ஞாயித்துக்கெழம வெடியால வண்டி வெச்சு நானே வந்து கூட்டீட்டுப் போறேன். அக்கா, ஒண்ணு சொல்றேன். நாளைக்கு என்ற நர்மதா பெருசாயி அவளுக்கு ஒரு கண்ணாலம்னு வந்தா, நீங்க கார்டே கொண்டாந்து வெச்சாலும் நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். சிரிச்சுட்டே வாங்கிக்குவேன்.

— அது மொறையில்ல அம்முணி. மொய்யின்னா நமக்கு வெச்சாப்பலயேதான் திருப்பி வெக்கோணும். மத்தவிய ஊட்டுக்கு வேணும்னா நான் கார்டு வெப்பேன். உன்ற மவளுக்கு நோட்டாத்தான் வெக்கோணும். நம்மூருக் கவரு அத்தனையிலயும் எனக்கு நோட்டு வெச்சவ நீ ஒருத்திதான்.